எட்டிப் பாத்திட்டு வாறன்

தம்பி, அந்தக் கரையில இருக்காதீங்கோ, நடுவில வாங்கோ. போட் ஒரு பக்கம் சரியுது. ஓம், அப்பிடி. எஞ்சினை நிப்பாட்டிப் போட்டன். இனி நாங்கள் தேடிப் போறேல்ல, காத்திருக்கிறதுதான். அது மூச்சு விட மேல வரேக்க புகை எழும்பினமாதிரித் தெரியும். நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கோ, நான் இந்தப் பக்கம் பாக்கிறன். கதைச்சுக்கொண்டே பாக்கலாம். கண்ணுக்கும் வாய்க்கும் என்ன சண்டை?

காலையில புறாமலைத் தீவில முருகைக்கல்லுக்கு மேல நீந்தினீங்கள் தானே, அது வேற விளையாட்டு. அங்க கால் எட்டுற தண்ணி. மிதிக்காதீங்கோ, தொடாதீங்கோ எண்டு நான் எத்தினை தரம் கத்தினன், கவனிச்சீங்களோ? முருகைக்கல் எண்டால் பவளப்பாறை, உசிருள்ள சாமான். ஒருக்கால் உடைஞ்சால் பேந்து வளர ஒரு மனிசன்ர ஆயுள் வேணும். அதில நான் கண்டிப்பு. இஞ்ச கீழ கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. நிலாவெளிக் கரையில இருந்து கொஞ்சம் ஓடினாலே கடல் கிடங்கு விழுந்தமாதிரி ஆழம். அதாலதான் திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருது.

உங்கட மனிசி கரையில நிண்டு கேட்டவ, "உதவிக்கு ஆள் இல்லையோ அண்ணை?" எண்டு. நான் சிரிச்சுச் சமாளிச்சிட்டன். ஆள் இருந்தவன்தான். கோணேஸ். என்ர மனிசி றஞ்சினியின்ர தம்பி. இந்தா, முன்பக்கம், அணியத்தில உங்கட பை கிடக்கிற இடத்தில அவன்தான் நிப்பான். கண்ணெண்டால் அவன்ர கண். நான் காணமுதல் அவன் கண்டிடுவான். இப்ப என்ர போட்டில ஏறமாட்டானாம். ஒரு சின்ன விசயத்துக்கு. நான் சொல்லுறன், நீங்களே கேட்டிட்டுச் சொல்லுங்கோ ஆரில பிழை எண்டு. நீங்கள் கனடாவில இருந்து வந்த ஆள், பக்கம் சாயமாட்டீங்கள்.

முதல்ல ஒண்டு சொல்லோணும். நான் திமிங்கிலத்தைத் துரத்துற ஆள் இல்லை. அரசாங்க ஆக்கள் எங்களுக்கு வகுப்பு வைச்சவை, நான் முன்வரிசையில இருந்து கேட்டனான். அதை விரட்டக்கூடாது, வழியை மறிக்கக்கூடாது, தள்ளி நிண்டு பாக்கவேணும். சான்றிதழை வீட்டில கண்ணாடி போட்டுக் கொழுவியிருக்கிறன். ஆக்களைத் தண்ணியில இறக்கிறதுக்கு வேற அனுமதி எடுக்கவேணும், அது பெரிய ஆக்களின்ர வேலை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து ஆசைப்பட்டுக் கேக்கிற ஆளுக்கு இல்லையெண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது? நீங்கள் கேட்டீங்கள், நான் இல்லையெண்டனானோ?

போன சீசன் இரண்டு பெட்டையள் வந்தவை. அக்கா தங்கச்சி. ஜேர்மனியோ அதுக்குப் பக்கத்து நாடோ. அக்கா பேர் ஈவா, தங்கச்சி லீனா. ஈவா நீந்தினால் மீன் தோத்துப்போகும். லீனா எண்டால் நேரெதிர். போட்டில ஏறின நேரத்தில இருந்து ஜக்கெற்றைப் பூட்டிக்கொண்டு, நீங்கள் இப்ப இருக்கிற இடத்திலதான், நடுவில, பலகையைப் பிடிச்சபடி இருந்தவ. ஈவாவை நான் ஜக்கெற்றைக் கழட்டச் சொன்னனான். ஏனெண்டால் அதைப் போட்டுக்கொண்டு நீந்தினால் தக்கைமாதிரி மேலயே மிதக்கிறதுதான், தலையைக் கீழ விட ஏலாது. நீங்களும் அதைக் கழட்டி வையுங்கோ தம்பி. இப்பவே. வரேக்க அவசரமாயிருக்கும்.

நல்ல நாள் அது. ஒரு திமிங்கிலம் வந்து, ஈவாவுக்குக் கீழால, சும்மா ஒரு ரெயில் போனமாதிரிப் போச்சுது. அவ தலையைத் தூக்கிக் கூவினா பாருங்கோ, அந்தக் கூவல் இன்னும் என்ர காதில கிடக்கு. கையில ஒரு நீட்டுக் கம்பு, நுனியில கமெரா. எல்லாம் படம் பிடிச்சிட்டா. அதோட நாங்கள் கரைக்குத் திரும்பியிருந்தால் ஒரு கதையும் இல்லை.

ஆனால் நான் அங்கால பாத்தன். மூச்சு. ஒண்டு பெருசு. அதுக்குப் பக்கத்தில, ஒட்டினமாதிரி, ஒரு சின்ன மூச்சு.

தாயும் குட்டியும், தம்பி.

இதை நீங்கள் விளங்கவேணும். நான் இத்தினை வருசமாய் இந்தக் கடலில ஓடுறன், குட்டியோட ஒண்டைக் கண்டதில்லை. எங்கட கரையில சில்வெஸ்டர் எண்டு ஒருத்தன், அவனும் போட்காரன்தான். அவன் கண்டு, கைபோனில படமும் எடுத்து, அதைப் பெருசாக்கித் தன்ர கொட்டிலில கொழுவி வைச்சிருக்கிறான். வாற வெள்ளைக்காரர் எல்லாம் அதுக்கு முன்னால நிண்டு வாயைப் பிளக்குதுகள். தேத்தண்ணிக் கடையில என்னைக் கண்டால் அவன் கேப்பான், "என்ன விமலண்ணை, உங்கட குட்டி சுகமோ?" எண்டு. கடை முழுக்கச் சிரிக்கும். என்ர விளம்பரப் பனரில கிடக்கிற தாயும் குட்டியும் இன்ரநெற்றில எடுத்த படம். அது எல்லாருக்கும் தெரியும்.

கோணேசும் கண்டிட்டான். கண்டிட்டு அவன் சொன்னது என்ன தெரியுமோ? "அத்தான், ஆளை ஏத்திப்போட்டுப் போவம்."

"ஏத்திற நேரத்துக்குள்ள அது அமிழ்ந்திடுமடா."

"அவ தண்ணியில நிக்கிறா, அத்தான்."

"நிக்கட்டும். நீந்தத் தெரிஞ்ச ஆள். ஒரு எட்டு எட்டிப் பாத்திட்டு வாறம்."

நான் ஒண்டும் சொல்லாமல் ஓடின ஆளில்லை. ஈவாவைப் பாத்து, அங்கயே நில்லுங்கோ எண்டு கையால காட்டினனான். அவ பெருவிரலைத் தூக்கிக் காட்டினவ. அதுக்குச் சம்மதம் எண்டுதானே அர்த்தம்? பேந்து கோணேஸ் சொல்லுறான், "அவ திமிங்கிலம் நல்லாயிருந்தது எண்டு காட்டினவ" எண்டு. அவனுக்கு எப்பிடித் தெரியும்? அதோட நான் எனக்காகப் போனனானோ? லீனாவுக்காக. பாவம், அந்தப் பிள்ளை பயத்தில தண்ணியில இறங்கேல்ல, ஒண்டும் பாக்கேல்ல. அவவும் ஏதாவது பாக்கவேண்டாமோ?

விட்டிட்டுப் போறது வேற, தம்பி. எட்டிப் பாத்திட்டு வாறது வேற.

போனம். கிட்டப் போக, அமிழ்ந்திட்டுது. பாத்தால் அங்கால எழும்புது. அங்க போனம். திரும்ப அமிழ்ந்து இன்னும் அங்கால. துரத்தேல்ல நான். அது போற பக்கம் எனக்கும் போகவேண்டியிருந்தது, அவ்வளவுதான். கோணேஸ் அணியத்தில நிண்டவன் முன்னுக்குப் பாக்கேல்ல. பின்னுக்கே பாத்துக்கொண்டு நிண்டான். "அத்தான், தலை தெரியேல்ல." நான் எஞ்சினை இன்னும் முடுக்கினன். "அத்தான், இப்ப தலை தெரியேல்ல எண்டுறன்." லீனா எழும்பி நிண்டிட்டா. அவவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவன்ர முகத்தை வாசிச்சிட்டா. தமக்கையின்ர பேரைச் சொல்லிக் கத்தத் தொடங்கிட்டா.

அந்த நேரம் அவன் செய்தான் ஒரு வேலை. அணியத்தில இருந்து தாவி வந்து, என்னைத் தள்ளிப்போட்டு, எஞ்சினை நிப்பாட்டினான். என்ர போட். என்ர எஞ்சின். ஆக்களுக்கு முன்னால. அக்காவைக் கட்டினவன் எண்ட மரியாதை வேண்டாமோ? நான் அவன்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சன், அவன் என்ர கையைப் பிடிச்சான். நாங்கள் இரண்டுபேரும் இழுபட்டுக்கொண்டு நிக்கிறம், முதுகுக்குப் பின்னால, இந்தா இந்தத் தூரத்தில, ஒரு மூச்சுச் சத்தம். சின்ன மூச்சு. குழந்தை தும்மினமாதிரி. நான் திரும்பிப் பாத்தன், வட்டமாய் ஒரு நுரை கிடக்கு. அவ்வளவுதான். அண்டைக்கு அதை எனக்குக் காட்டாமல் செய்தது ஆர்? சொல்லுங்கோ.

அந்தப் பக்கம் பாக்கிறீங்கள் தானே? பாருங்கோ, பாருங்கோ. கதையில மினைக்கெட்டுப்போய் விட்டிடாதீங்கோ.

சரி, திரும்பி வந்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு போற ஆள் இல்லை. கரையில கோயில் மலையும் ரெலிபோன் டவரும் ஒரு கோட்டில நிக்கிறதைப் பாத்து வைச்சிட்டுத்தான் போனனான். அந்தக் கோட்டுக்குச் சரியாய் வந்து நிண்டன். கடல் கிடக்கு. ஆள் இல்லை.

நீரோட்டம் இழுத்திட்டுது. அதுக்கு நான் என்ன செய்யிறது? நான் நில்லுங்கோ எண்டு சொன்ன இடத்தில அவ நிக்கேல்ல.

காத்தும் எழும்பிட்டுது. நீங்கள் கடலில ஆளைத் தேடியிருக்கமாட்டீங்கள், தம்பி. தேடவும் வேண்டாம். அலை ஒவ்வொண்டும் உச்சியில வெள்ளையாய் உடையும். ஒவ்வொண்டும் ஒரு தலை. அந்தா எண்டு ஓடினால் தண்ணி. இந்தா எண்டு திரும்பினால் தண்ணி. லீனா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் அடைச்சுப்போய், பேந்து சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைஞ்சுது. அவவைப் பாக்க எனக்கு ஏலாமல் இருந்தது. அதால நான் கடலையே பாத்தன்.

கோணேஸ் போன் அடிச்சான். என்னட்டைக் கேக்காமல் சில்வெஸ்டருக்குத்தான் முதல் அடிச்சவன். அவன் எடுத்தவுடன, "என்ன, குட்டியைக் கண்டிட்டீங்களோ?" எண்டு நக்கல். கோணேஸ் ஒரு சொல்லுத்தான் சொன்னவன், "ஆள் துலைஞ்சுபோச்சு" எண்டு. பேந்து பாத்தால், கரையில நிண்ட போட் எல்லாம் வருகுது. அதைச் சொல்லோணும். எங்கட ஆக்கள் தேத்தண்ணிக் கடையில கடிபடுவினம், ஆனால் கடலில ஆள் எண்டால் வந்திடுவினம்.

இனித்தான் நான் சொல்லவந்த விசயம்.

நாங்கள் எல்லாரும் வலைக்காரர்தான், தம்பி. திமிங்கிலம் இப்ப வந்தது, வலை முதலே இருந்தது. கடலில வலை விட்டால், அதின்ர தலைப்பில ஒரு மிதவை போட்டு, கம்பு நட்டு, கறுப்புத் துணியில கொடி கட்டுவம். கொடியைக் கண்டால் ஒரு போட்டும் கிட்டப் போகாது. தூரத்திலயே வளைச்சுச் சுத்திப் போகும். எஞ்சின் காத்தாடி வலையில பிடிச்சால் வலையும் போச்சு, எஞ்சினும் போச்சு, கரையில அடிதடியும் வரும். ஆரின்ர கொடி எண்டு பாக்கிறேல்ல, பகையாளியின்ர எண்டாலும் சுத்தித்தான் போறது. கை தானாய்த் திருப்பும். மூளைக்குப் போய் வாற வேலை இல்லை அது.

தெற்கால, அலைக்குள்ள, ஒரு கொடி தெரிஞ்சுது. கம்பும் கறுப்புத் துணியும். நான் வளைச்சன்.

அந்த நேரத்திலயும், தம்பி, அந்த அந்தரத்திலயும், ஆரின்ரயோ வலையை வெட்டாமல் வளைச்சன். பேந்து எனக்கே பெருமையாயிருந்தது. எனக்கு முன்னால சில்வெஸ்டரும் அந்தக் கொடியைக் கண்டு சுத்திப் போனவன். அவனுக்கு முன்னால இன்னொருத்தன்.

கொஞ்சத் தூரம் போனாப்பிறகு கோணேஸ் திரும்பி என்னைப் பாத்தான். முகம் சாம்பல் பூத்துப்போய்க் கிடந்தது. "அத்தான், ராவு விட்ட வலையை விடியவே தூக்கிடுவம். இந்த வெய்யிலில ஆர் வலை விட்டது?"

எஞ்சினைத் திருப்பினது நான்தான் எண்டதை மட்டும் நினைவில வைச்சிருங்கோ. எல்லாரும் கோணேஸ் கண்டுபிடிச்சான், கோணேஸ் கண்டுபிடிச்சான் எண்டுதான் கதைக்கினம். போட்டைத் திருப்பினது ஆர்?

கிட்டப் போனால், மிதவையில்லை. தலை. ஒரு கையால கமெராக் கம்பை நட்டபடி தூக்கிப் பிடிச்சிருக்கிறா. நுனியில தன்ர கறுப்பு நீச்சல் சட்டையைக் கழட்டிக் கட்டியிருக்கிறா. தூரத்தில இருந்து தெரியட்டும் எண்டு. தெரிஞ்சுதுதான். எல்லாருக்கும் வடிவாய்த் தெரிஞ்சுது.

கோணேஸ் குதிச்சிட்டான். தூக்கி ஏத்தேக்க கம்பை விடமாட்டன் எண்டிட்டா. விரல் விறைச்சுப்போச்சு. கம்போடதான் தூக்கினம். லீனா கட்டிப் பிடிச்சு அழுகிறா, ஈவா அழேல்ல. உதடு வெடிச்சு, கண் சிவந்து, என்னையே பாத்துக்கொண்டிருந்தா. பேந்து ஏதோ கேட்டா. கோணேசுக்குத்தான் இங்கிலீசு ஓடும். அவன் கேட்டிட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்திட்டான்.

"என்னடா கேக்கிறா?" எண்டன்.

"ஏன் எல்லாரும் நேர என்னட்டை வந்து, கிட்ட வந்தாப்பிறகு, மரியாதையாய் என்னைச் சுத்திப் போனீங்கள் எண்டு கேக்கிறா."

மரியாதை எண்டு அவவே சொன்னவ. கவனிச்சீங்களோ? எங்கட ஆக்களின்ர ஒழுங்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கு. சொல்லிக் குடுக்கச் சொன்னன், "எங்கட கொடி வழக்கத்தைச் சொல்லடா" எண்டு. அவன் சொல்லேல்ல. கரைக்கு வரும்வரைக்கும் அவவின்ர காலடியில குந்தியிருந்து அந்த விரலை ஒவ்வொண்டாய்க் கம்பில இருந்து எடுத்துக்கொண்டு வந்தான்.

அவ ஒரு முறைப்பாடும் செய்யேல்ல, தம்பி. ஒரு இடத்திலயும். என்னில பிழையெண்டால் செய்திருப்பா தானே? அடுத்தநாள் விடியவே அக்காவும் தங்கச்சியும் வெளிக்கிட்டுட்டினம். போகமுதல் அந்தக் கம்பைக் கோணேசிட்டைக் குடுத்திட்டுப் போனவ. அது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். போட் என்ரது.

அண்டைக்குப் பின்னேரம் கோணேஸ் வீட்டுக்கு வந்தான். உள்ளுக்கு வரேல்ல, முத்தத்திலயே நிண்டான். தன்ர மழைக்கோட்டையும் கத்தியையும் எடுத்தான். றஞ்சினி, "சாப்பிட்டிட்டுப் போவன்" எண்டவ. "வேண்டாமக்கா. இனி அத்தான்ர போட்டில நான் கால் வைக்கமாட்டன்" எண்டு அவவுக்குச் சொன்னான். என்னைப் பாத்துச் சொல்லேல்ல. இப்ப வேற ஒருத்தன்ர போட்டில புறாமலைக்கு மட்டும் ஆக்களைக் கொண்டுபோறான். நீங்கள் காலையில கண்டிருப்பீங்கள், செம்மஞ்சள் மிதவையில ஆக்களைக் கயிறு கட்டி, ஆடு மேய்க்கிறமாதிரி ஒருத்தன் நிண்டானே, அவன்தான். நொடிக்கொருக்கால் ஆளெண்ணுறான். எண்ணி முடிச்சிட்டுத் திரும்ப எண்ணுறான். நாங்கள் எல்லாரும் சிரிக்கிறது. அணியத்தில அந்தக் கம்பை நட்டு வைச்சிருக்கிறான், பெரிய நினைவுத்தூண்மாதிரி.

றஞ்சினியும் மாறிப்போனா. சோறு போடுறா, உடுப்புத் தோய்க்கிறா. முந்தி நான் வந்தவுடன "கடல் எப்பிடி?" எண்டு கேப்பா. இப்ப கேக்கிறேல்ல. நான் போகேக்க எத்தினை பேர் ஏறினது எண்டு படலையில நிண்டு பாக்கிறா. வரேக்கயும் பாக்கிறா. அவ்வளவுதான்.

இந்தக் கடலில வேலை செய்யிற ஆருக்கும் இது நடக்கும், தம்பி. பிழை எங்க எண்டால், அந்தக் கம்பிலயும் அந்தக் கறுப்புத் துணியிலயும்தான். நான் இரவிரவாய் யோசிச்சுப் பாத்தனான். கம்பு இல்லாட்டில் கொடி இல்லை. கொடி இல்லாட்டில் நாங்கள் ஏன் வளைக்கிறம்? அதுக்குப் பிறகு நான் இரண்டு சட்டம் வைச்சிருக்கிறன். ஒண்டு, கறுப்பு உடுப்பு வேண்டாம். நீங்கள் நீலம் போட்டிருக்கிறீங்கள், நல்லது. மற்றது, கமெராக் கம்பு கொண்டு தண்ணியில இறங்க விடமாட்டன். உங்கட கம்பை இஞ்ச தாங்கோ. தாங்கோ, நான் பத்திரமாய் வைக்கிறன். பயப்பிடாதீங்கோ, கமெராவை மட்டும் கையில கொழுவிக்கொள்ளுங்கோ.

சத்தம் போடாதீங்கோ.

அந்தா. மூச்சு. எங்களுக்கு நேர வருகுது. காலுக்குத் துடுப்பைப் போடுங்கோ. குதிக்கிறேல்ல, மெல்ல வழுக்கி இறங்குங்கோ. ஜக்கெற் வேண்டாம் எண்டனெல்லோ, விடுங்கோ அதை. ஓம், இறங்குங்கோ. முகத்தைக் கீழ விடுங்கோ. வருகுது, வருகுது.

அம்மாடியோ! பாத்தீங்களோ? பாத்தீங்களோ தம்பி? உங்களுக்குக் கீழால! வால் போகுது பாருங்கோ, இந்தப் போட்டை விட அகலம்! நான் சொன்னன் தானே. நான் கூட்டிக்கொண்டு வந்தால் காட்டாமல் விடமாட்டன். சிரிக்கிறீங்கள், என்ன! உங்கட மனிசிக்குச் சொல்லுங்கோ, உதவிக்கு ஆள் ஒருத்தரும் இல்லாமலே காட்டினவர் எண்டு.

பொறுங்கோ.

தம்பி, அங்கால ஒரு மூச்சு. பெருசு. அதுக்குப் பக்கத்தில, ஐயோ, ஒட்டினமாதிரி...

குட்டி. குட்டியோட நிக்குது.

இல்லை இல்லை, இப்ப ஏறவேண்டாம். உங்களை ஏத்திற நேரத்துக்குள்ள அமிழ்ந்திடும். அது எந்தப் பக்கம் திரும்புது எண்டு மட்டும் பாத்திட்டு வந்து உங்களையும் ஏத்திக்கொண்டு போறன். நீங்கள்தானே முதல் பாக்கப்போறீங்கள், உங்களுக்காகத்தான். கோயில் மலையைப் பாத்து வைச்சிருக்கிறன். நில்லுங்கோ, அந்த இடத்திலயே நில்லுங்கோ. எஞ்சின் சத்தத்தில நீங்கள் சொல்லுறது கேக்கேல்ல, தம்பி. நான் விட்டிட்டுப் போகேல்ல. கோணேசா இஞ்ச நிக்கிறான், மறிக்கிறதுக்கு?

கையை ஆட்டாதீங்கோ தம்பி, குட்டி பயந்திடும். இந்தா, எட்டிப் பாத்திட்டு வாறன்.